ஒன்பது நிமிடமும் ஒரு சுறாவும்

படம் ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம், ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை மதியக் காட்சியில், அறுபது அடி நீளச் சுறா ஒன்று திரையை விட்டு இறங்கி நடுவழியில் படுத்துக்கொண்டது. ஹால் ஐம்பது அடிதான் என்பதால் வால் திரைக்குள்ளேயே இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆறு வரிசை நாற்காலிகள் நனைந்தன, ஒற்றைச் செருப்புகள் நாலைந்து மிதந்து போய் வாசற்படியில் ஒதுங்கின, பாப்கார்ன் விற்றவர் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அரை மணி நேரம் நின்றார். படம் முடிந்ததும் சுறா வந்த வழியே திரைக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அக்கா பதினொரு வாளி உப்புத் தண்ணீரைப் பிழிந்து வெளியே ஊற்றினாள். அடுத்த காட்சிக்கு அது மறுபடியும் வந்தது.

அக்கா என்பது அந்தத் தியேட்டரைக் கூட்டித் துடைக்கிறவள். இருபத்திரண்டு வருட வேலை. மேனேஜர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். ஆபரேட்டர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள், இருவரில் யார் மூத்தவர் என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. இதற்கு முன்பும் அங்கே சின்னச் சின்னதாக ஏதாவது நடந்ததுண்டு. ஒரு குடும்பப் படத்தின்போது பால்கனியில் மட்டும் ஒரு மாதம் மழை பெய்தது. ஒரு சண்டைப் படத்தின் குதிரை மூன்று நாள் சைக்கிள் நிறுத்தத்தில் நின்றுவிட்டுப் போனது. அதையெல்லாம் அவள் முணுமுணுத்துக்கொண்டே துடைத்துத் தள்ளிவிட்டாள். இந்தத் தடவைதான் அவளுக்குத் தலைக்கு மேல் வந்தது, காரணம் சுறா இல்லை, தேதி.

பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் போனால் வருகிற ஓர் ஊரில் அவளுடைய ஒரே மகள் நிறைமாதமாக இருந்தாள். முதல் பிரசவம். மருமகன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் ஐந்து நாள் சாலையில்தான் வாசம். அவனுக்கு அம்மா கிடையாது. டாக்டர் இருபதாம் தேதி என்று சொல்லியிருந்தார். பத்தாம் தேதியே கிளம்பிவிட வேண்டும் என்று அக்கா மூன்று மாதம் முன்பே லீவு சொல்லியிருந்தாள், பையில் பழைய புடவைகளை வெட்டி மடித்துவைத்த துணிகள் எல்லாம் தயாராக இருந்தன. மேனேஜர் தலையாட்டியும் இருந்தார். சுறா வந்த மறுநாள் அவர் தலை வேறு மாதிரி ஆடியது. “போகவேணாம்னா சொல்றேன்? ஹால் காஞ்சதும் போங்கக்கா” என்றார், ஏதோ பெரிய மனது பண்ணுகிற குரலில்.

ஹால் எங்கே காய்வது? ஒரு நாளைக்கு ஐந்து காட்சி, ஐந்து காட்சிக்கும் சுறா. ஒரு காட்சியின் ஈரம் உலர்வதற்குள் அடுத்த காட்சியின் ஈரம். மேனேஜர் நகராட்சிக்கு எழுதினார். ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்து, சுவருக்குள் இருக்கிற பிராணி கட்டடச் சொந்தக்காரர் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மீன்துறைக்காரர் இன்னும் சுருக்கமாக முடித்தார். பல லட்சம் வருடத்துக்கு முன்பே அழிந்துபோன மீன் தங்கள் பட்டியலில் இல்லை, இல்லாத மீன்மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லை என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய முழங்கால்வரை தண்ணீர் வந்துவிட்டது, அதையும் அவர் குறிப்பில் சேர்க்கவில்லை. படம் பார்க்க வருகிறவர்களோ, முதல் நாள் அலறி அடித்து ஓடினார்கள், மூன்றாம் நாள் சுறாவுக்காகவே வந்தார்கள், ஐந்தாம் நாள் புகார் புத்தகம் கேட்டார்கள். முதுகுத் துடுப்பு திரையை மறைக்கிறது என்றார் ஒருவர். சுறா பெருமூச்சு விடுவதில் வசனம் கேட்கவில்லை என்றார் இன்னொருவர். இந்தச் சுறாவைவிடப் படத்துச் சுறாதான் நன்றாக நடிக்கிறது என்று மூன்றாம் வரிசைக்காரர் ஒருவர் அரைப் பக்கம் எழுதியிருந்தார்.

சுறா உண்மையில் நடிக்கவே இல்லை. அது எதையோ தேடியது. சாப்பாட்டுத் தட்டு அகலப் பற்களை வைத்துக்கொண்டு ஒருவரையும் கடிக்காமல், மூக்கை மட்டும் ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் விட்டு முகர்ந்து, இல்லை என்றானதும் அடுத்த நாற்காலிக்குப் போனது. அக்கா துடைப்பான் கட்டையால் அதன் கன்னத்தில் இடித்து, “நகரு, அங்கிட்டு நகருங்கறேன்ல” என்பாள். அது நகரும். பத்தாம் தேதி போனது. பன்னிரண்டு போனது. மகள் தினமும் மதியம் கூப்பிட்டாள். “நாளைக்கு வந்துடறேன்டி.” “நேத்தும் இதைத்தானேம்மா சொன்ன?” போனை வைத்துவிட்டு அக்கா பிழிகிற வேகத்தில் துடைப்பான் நூல்கள் அறுந்து வந்தன. உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருங்கிவிட்டது.

பதினாறாம் தேதிதான் அவளுக்குப் பொறி தட்டியது, அதுவும் ஹாலில் இல்லை, கழிவறையில். அந்தப் படத்தில் இடைவேளைக்கு முன்னால் ஒரு நேரத்தில் கழிவறைக் கதவு டமார் டமாரென்று அடித்துக்கொண்டே இருக்கும், அது ஓய்ந்ததும் அவள் போய்க் கழுவிவிட வேண்டும். இப்போது பத்து நாளாக அந்த நேரத்தில் தரை காய்ந்து கிடந்தது. ஒரு ஆள்கூட வரவில்லை. அவள் வாளியை அப்படியே வைத்துவிட்டு, மாடிப்படி ஏறி, புரொஜெக்டர் அறைக்குள் போனாள்.

ஆபரேட்டருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். தியேட்டர் முதலாளி வேறு ஊரில் இருந்தார். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து காட்சி ஓட்டியே ஆக வேண்டும் என்பது அவர் உத்தரவு, ஒவ்வொரு காட்சிக்கும் மணி சரியான நேரத்துக்கு அடிக்கிறதா என்று போனில் காது கொடுத்துக் கேட்பார். ஐந்து காட்சிக்குள் அடங்காத படத்தைக் கத்திரி அடக்கிக் காட்டுவார். அதற்கு அவர் வைத்திருந்த முறை வேறெந்தத் தியேட்டரிலும் இல்லாதது. முதல் இரண்டு வாரம் படத்தை முழுசாக ஓட்டி, சின்ன ஜன்னல் வழியாக, எந்தக் காட்சிக்கு எத்தனை பேர் கழிவறைக்கு எழுந்து போகிறார்கள் என்று சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணுவார். மூன்றாம் வாரம், அதிகம் பேர் எழுந்து போன காட்சியை வெட்டிவிடுவார். பார்க்காத காட்சி இருந்தென்ன, போயென்ன? இப்படி எத்தனையோ அப்பாக்களின் அறிவுரையும், பாட்டுகளின் இரண்டாம் சரணமும் அவர் கையில் போயிருக்கின்றன.

“அண்ணே, சுறாப் படத்துல எதை வெட்டுனீங்க?”

“ஒண்ணுமே இல்லாத சீன்க்கா. ஒன்பது நிமிஷம். அந்தச் சுறா ஒரு குட்டி போட்டிருக்கும்ல, ரெண்டும் சும்மா சேர்ந்து நீந்திட்டிருக்கும். சண்டையும் இல்ல, வசனமும் இல்ல. நாப்பத்தோரு பேர் எந்திரிச்சுப் போனாங்க.”

“எப்ப வெட்டுனீங்க?”

கத்திரி யோசித்தார். “ஆறாந்தேதி, காலை ஷோ முடிஞ்சதும்” என்றார். சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கும் உறைத்தது. இத்தனை வருடத் தொழிலில், வெட்டுப்பட்டதைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை.

வெட்டிய துண்டுகளை அவர் பிஸ்கட் டப்பாக்களில் போட்டு அலமாரியில் அடுக்கியிருந்தார், ஒன்றிலும் பெயர் எழுதாமல். ஐந்நூறு டப்பா இருக்கும். தேடவே வேண்டியிருக்கவில்லை. மேல்தட்டில் ஒரு டப்பாவின் கீழே சுவரெல்லாம் ஈரம் இறங்கிப் பாசி பிடித்திருந்தது. மூடி உள்ளிருந்து தட் தட்டென்று இடித்துக்கொண்டிருந்தது. “பத்து நாளா எலின்னு நெனச்சேன்க்கா” என்றார் கத்திரி. அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது நிமிடம் சேர்த்தால் அடுத்த காட்சி ஒன்பது நிமிடம் தள்ளிப்போகும், ஐந்தாவது காட்சி முடிவதற்குள் முக்கால் மணி நேரம் தள்ளிவிடும், முதலாளி காதில் மணி விழாது, தன் வேலை போகும் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஈரத்தைப் பற்றிக் கேட்டதற்கு, ஈரத்துக்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே என்றார். பதினேழு முழுவதும் அதிலேயே போனது. அன்று மதியம் மகள் அதிகம் பேசவில்லை, இடுப்பு வலிக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பதினெட்டாம் தேதி காலைக் காட்சி முடிந்தும் சுறா போகவில்லை. வெளிச்சம் போட்ட பிறகும் நடுவழியிலேயே கிடந்து, கடைசி வரிசைக்கு அடியில் மூக்கை வைத்திருந்தது. அக்கா துடைப்பானைக் கீழே போட்டாள். “உனக்கொரு பிள்ளை, எனக்கொரு பிள்ளை. நீயும் போய்த் தொலைய மாட்டேங்கிற, என்னையும் போக விடமாட்டேங்கிற. என்னதான் பண்ணித் தொலைக்கிறது உன்னை வச்சுக்கிட்டு?” என்று காலி ஹாலில் தொண்டை கிழியக் கத்தினாள். பிறகு அதன் செவுளில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். சுறா அசையாமல் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் நேராக மேனேஜர் அறைக்குப் போய், துடைப்பானை அவர் மடியில் சாத்தினாள். “இந்த ஒரு ஷோவுக்கு நீங்க துடைங்க சார். அப்புறம் ஒட்டறதா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க” என்றாள்.

மேனேஜர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். நாலு வாளி பிழிந்தார். ஐந்தாவது வாளியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடியேறி, புரொஜெக்டர் அறை ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்ததும், “ஒட்டுய்யா” என்றார். அப்புறமும் அவர் வேலை போகவில்லை. சரியான நேரத்துக்குத் தன் அறையில் உட்கார்ந்து போனுக்குள் ஒரு கைமணியை ஆட்டினார், ஹாலில் படம் எப்போது முடிகிறதோ அப்போது முடிந்தது. இவ்வளவு எளிதான வழி முன்னமே தோன்றியிருக்கக் கூடாதா என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

மதியக் காட்சியில் அந்த ஒன்பது நிமிடம் வந்ததும் வழக்கம்போல நாற்பத்தோரு பேர் எழுந்து கழிவறைக்குப் போனார்கள். திரையில் குட்டி வந்தது, ஒரு வேன் அளவுக்கு இருந்தது, துடுப்பில் ஒரு வெட்டுத் தழும்பு. நடுவழியில் கிடந்த தாய் தலையைத் தூக்கியது. வழி குறுகல் என்பதால் திரும்ப நேரம் பிடித்தது, இரண்டு நாற்காலிகளின் கை உடைந்தது, பிறகு அது அவசரப்படாமல் திரைக்குள் ஏறி, குட்டியோடு சேர்ந்துகொண்டது. கழிவறையிலிருந்து திரும்பியவர்கள் சுறா எங்கே என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார்கள். அக்கா கதவோரம் நின்று கடைசிவரை பார்த்தாள். அன்று சாயங்காலம் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ந்திருந்தது. படம் அதற்குப் பிறகு பதினோரு வாரம் ஒன்பது நிமிடத்தோடு ஓடியது, கத்திரி சுவரில் கோடு போடுவதை விட்டுவிட்டார், அலமாரி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து காது வைத்துக் கேட்கவும் ஆரம்பித்தார் என்றெல்லாம் பின்னால் சொன்னார்கள். அக்கா அதில் எதையும் பார்க்கவில்லை. பத்தொன்பதாம் தேதி காலை முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குள் அவள் நுழைந்தபோது மகளுக்கு வலி வந்து மூன்று மணி நேரமாகியிருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள் அம்மாவைக் கண்டதும் அழுதாள், அழுகையோடேயே திட்டினாள்.

“இதானா நீ வர்ற லட்சணம்? இவ்வளவு நாளு என்னம்மா பண்ணிட்டிருந்த?”

“நடுவழில ஒரு சுறா கிடந்துச்சுடி. அதோட குட்டிய வெட்டிட்டாங்க. ஒட்டினப்புறம்தான் போச்சு.”

மகள் ஒரு வலியைப் பல்லைக் கடித்துக் கடந்தாள்.

“சரி, வந்துட்டல்ல” என்றாள். “கையப் பிடி.”

அக்கா பிடித்தாள். கையெல்லாம் உப்பு வாடை என்று மகள் முகத்தைச் சுளித்தாள். குழந்தை பிறக்கும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை.