ரனீமின் இடம்

"மிஸ், காலையில என் இடத்துல உட்கார்ற பொண்ணு உயிரோட இருக்காளா?"

ரனீம் இதைக் கேட்டபோது நான் கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஜன்னலோரம் அவள் இன்னும் உட்காராமல் நின்றிருந்தாள், ஒரு கையைப் பெஞ்சின் மேல் வைத்தபடி.

"ஏன் அப்படிக் கேக்குற?"

"சில்லுனு இருக்கு மிஸ். எப்பவும் சூடா இருக்கும்."

ஜோர்தானின் தலைநகரில், கிழக்கு அம்மானில் மேட்டுத் தெரு ஒன்றில் இருக்கிறது எங்கள் பள்ளி. காலையில் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் படிப்பார்கள். மதியத்துக்கு மேல் அதே கட்டடத்தில், அதே பெஞ்சுகளில், சிரியாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். சண்டை வரக் கூடாது என்பதற்காகக் காலைப் பிள்ளைகளை மேல் வாசல் வழியாக வெளியே அனுப்பி, அதைப் பூட்டிய பிறகுதான் எங்கள் பிள்ளைகளுக்குக் கீழ் வாசலைத் திறப்பார்கள். ஒரே நிறத்தில் சீருடை. ஆனால் இவர்கள் அவர்களைப் பார்த்ததே கிடையாது. பெஞ்சில் மிச்சமிருக்கும் சூடு, மேசைத் தட்டில் எள்ளும் ரொட்டித் துணுக்கும், சில சமயம் ஒரு நீள முடி. இவ்வளவுதான் தெரியும். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காலைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், ஜின்களைப் பற்றிப் பேசுவதுபோல.

ரனீமுக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை. அவளுடைய மேசைத் தட்டில் யாரோ பாதி எள் ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போவார்கள். இவள் அதற்குப் பதிலாக ஒரு ஆரஞ்சுச் சுளையோ, கூராகச் சீவிய பென்சிலோ வைப்பாள். எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குள் பெயர்கூடப் பரிமாறிக்கொள்ளவில்லை.

"காய்ச்சலா இருக்கும். அவளுக்காக துஆ கேளு" என்றேன். அவள் அங்கேயே கைகளை ஏந்தி, கண்களை இறுக மூடிக்கொண்டு கேட்டாள். மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. சில நாட்கள் கழித்து வகுப்பு தொடங்கும்போது அவள் கடைசி வரிசையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பெஞ்சு மறுபடி சூடாகிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன்.

அடுத்த குளிர்காலத்தில் குடும்பங்கள் ஊர் திரும்பத் தொடங்கின. சிலர் முறையாக வந்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கி, இனிப்புக் கொடுத்து, அழுதுவிட்டுப் போனார்கள். பெரும்பாலோர் அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை வாரம் தொடங்கும்போது ஒரு இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ரனீமும் வரவில்லை.

"ஹிம்ஸுக்குப் போயிட்டாங்க மிஸ்" என்றாள் பதூல். வகுப்பில் நடப்பது, தெருவில் நடப்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். "அங்க அவங்க வீட்டுக்குக் கூரை இல்லையாம். ஆனா கதவு இருக்காம். அவங்க அப்பா சாவியக் காட்டினாரு."

மாலைப் பள்ளியின் தலைமையாசிரியை உம்மு மாலிக் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வாய்தான் கூர்மை, மனசு அப்படி இல்லை.

"விஜ்தான், உன் வகுப்புல எத்தனை பேரு?"

"ரனீமோட சேர்த்தா இருபது."

"ரனீம் இல்லாம?"

நான் கையிலிருந்த பெயரேட்டைத் திறந்தேன்.

"இருபதுக்குக் கீழ போனா வகுப்பத் தூக்கிடுவாங்க. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளியோட சேர்த்துடுவாங்க. இருட்டின பிறகு அந்த ரோட்டத் தாண்டிப் பொண்ண யாரு அனுப்புவா? பதூலோட அப்பா இப்பவே சொல்லிட்டாரு, வீட்டுல உட்கார வெச்சுடுவாராம். இன்ஸ்பெக்டர் வரப்போறாரு, போனவங்க பேரையெல்லாம் அடிக்கறதுக்கு." ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு பண்ணு. ஒரு பேய்க்கு அட்மிஷன் போட்டுடு. ஃபீஸ் கேக்காது, பென்சில் கேக்காது."

நான் சிரித்தேன். அன்று மாலைதான் அது முதலில் நடந்தது.

குளிர்காலத்தில் கடைசிப் பாடவேளையிலேயே இருட்டத் தொடங்கிவிடும். எங்கள் வகுப்பில் முன்பக்கத்துக் குழல்விளக்கு மட்டும்தான் எரியும். பின்வரிசைகள் நிழலாகத்தான் தெரியும். பின் சுவரில் வரிசையாக ஆணிகள். மழை நாட்களில் பிள்ளைகளின் ஈரக் கோட்டுகள் அங்கே தொங்கும், தலையில்லாத பிள்ளைகள் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பதுபோல. அனுப்புவதற்கு முன் நான் இரண்டாம் முறை பெயர் கூப்பிடுவது வழக்கம். பழக்கத்தில் ரனீமின் பெயரும் வாயில் வந்துவிட்டது.

"நஅம்" என்றது ஒரு குரல்.

என் பிள்ளைகள் எல்லோரும் 'ஹாளிரா' என்றுதான் சொல்வார்கள். வந்திருக்கிறேன் என்று பொருள். முதல் நாளே அப்படித்தான் பழக்கினேன். 'நஅம்', அதாவது ஆமாம், என்று என் வகுப்பில் யாரும் சொன்னதில்லை.

"யாரு அது?"

பிள்ளைகள் குனிந்து பைகளைக் கட்டினார்கள். நான் வரிசைகளுக்கு நடுவே நடந்து கடைசி பெஞ்சுக்குப் போனேன். யாரும் இல்லை. கோட்டுகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.

அன்றிரவு தூங்கவில்லை. மறுநாளும் கூப்பிட்டேன். கூப்பிடாமல் விட்டிருக்கலாம்; ஆனால் விட்டால் இன்னும் பயமாக இருக்கும் என்று தோன்றியது. மறுபடி அதே 'நஅம்', மெல்ல, சளி பிடித்த குரலில். வாசலில் நின்று வெளியே போகும் தலைகளை எண்ணினேன். வந்திருந்தவர்களைவிட ஒரு தலை அதிகமாக வந்தது. திரும்ப எண்ணுவதற்குள் எல்லோரும் ஒரே நீலமாகக் கலந்து முற்றத்து இருட்டில் இறங்கிவிட்டார்கள். காவலுக்கு ஓதும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டேன். பதூலைப் பிடித்து நிறுத்தினேன்.

"உண்மையச் சொல்லு. ரனீம் பேருக்கு யாரு பதில் சொல்றது?"

அவள் தன் செருப்பையே பார்த்தாள். "ரனீம் போயிட்டா மிஸ். அவ இடம் போகல."

"அப்படின்னா?"

"வல்லாஹி மிஸ், சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கு." கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள்.

யார் வாங்கிய சத்தியம்? வழியில் எங்கேயாவது வண்டி கவிழ்ந்திருக்குமோ, கண்ணிவெடி வெடித்திருக்குமோ என்று மனம் எங்கெங்கோ போனது. அந்தக் குழந்தைக்கு என்ன ஆனதோ என்று தொழுகையில் கேட்டேன். அவள் உயிரோடிருந்தால் காப்பாற்று, இல்லையென்றால் அவளுக்கு இங்கே என்ன வேண்டும் என்று எனக்குக் காட்டு என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஃபவ்வாஸ் மழையோடு வந்தார், கடைசிப் பாடவேளையில். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தில் வந்திருப்பார். முதல் மணியில் எல்லா வகுப்பும் நிறைந்துதானே இருக்கும். வயதானவர், களைத்தவர். குடையை மூலையில் சாய்த்துவிட்டு என் மேசையில் உட்கார்ந்து தானே பெயர்களை வாசித்தார். உம்மு மாலிக் வாசலில் நின்றிருந்தார். ஹாளிரா, ஹாளிரா என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவர் ரனீமின் பெயரை வாசித்தார்.

"நஅம்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குறியிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். கடைசியில் பேனாவை மூடினார். "இருபது. சரியா இருக்கு. மாஷா அல்லாஹ்."

உம்மு மாலிக் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. வாயைத் திறக்காதே, பத்தொன்பது பிள்ளைகளின் வழி உன் நாக்கில் இருக்கிறது என்று அந்தப் பார்வை சொன்னது. முன்வரிசையில் பதூல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் இந்தச் சம்பளம்தான் பிழைப்பு. சும்மா இருந்தால் போதும். ஆனால் அந்தப் பின்னிருட்டில் இருப்பது எதுவோ, அதைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு, அதன் தலையையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு, நான் எப்படி வீட்டுக்குப் போய் அந்தியில் மக்ரிப் தொழுவேன்?

"உஸ்தாத்" என்றேன். "பதில் சொன்னது ரனீம் இல்லை. அது யாருன்னு எனக்கும் தெரியாது. ஆனா ரனீம் இல்லை."

உம்மு மாலிக் கண்களை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்து பின்வரிசையைப் பார்த்தார். பெஞ்சு காலி. அதற்குப் பின்னால் சுவரில் ஒரு கோட்டு அசைந்தது.

எங்கள் சீருடையில் ஒரு சிறுமி கோட்டுகளுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். நனைந்திருந்தாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை.

"யாரும்மா நீ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அரீன். காலை வகுப்பு." மூக்கை உறிஞ்சினாள். "இதே ரூம்தான். இதே இடம்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள், நஅம் என்று.

"உன் வகுப்பு மதியமே முடிஞ்சுதே. இங்க என்ன பண்ற?"

"பாத்துக்கறேன்."

"எத?"

"ரனீமோட இடத்த." அவள் எங்களில் யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் பெஞ்சைப் பார்த்தே பேசினாள். "அவங்க ஊருக்குப் போற அன்னிக்குக் காலையில மேல் வாசலுக்கு வந்தா. வெளிய வண்டி நின்னுச்சு, மேல மெத்தையெல்லாம் கட்டி. கடைசி வரிசை ஜன்னல் பக்கம் யாரு, யாருன்னு ஒவ்வொருத்தரா கேட்டா. நான்தான்னேன். என் கன்னத்தத் தொட்டுப் பாத்தா. அப்புறம் சொன்னா, நான் வர்ற வரைக்கும் என் இடம் உன்கிட்ட அமானிதம்னு."

ஈரச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அமானிதம்னா கொடுத்தவங்ககிட்டயே திருப்பிக் குடுக்கணும்ல? பேரு கூப்பிட்டு யாரும் பதில் சொல்லலன்னா பேர அடிச்சிடுவாங்கன்னு, மதியம் நான் வீட்டுக்குப் போகாம நின்ன அன்னிக்குப் பதூல் சொன்னா. அடிச்சிட்டா நான் என்னத்தத் திருப்பிக் குடுக்கறது?"

"அதானே" என்றது பதூலின் குரல், தன்னையறியாமல். உம்மு மாலிக் அவளை முறைத்தார்.

"மதியத்துலேருந்து எங்க இருப்ப?" என்று கேட்டேன்.

"வெளிய போகாம மேல் வாசல் உள்படியில. மழைன்னா கழிவறையில. கடைசி பீரியடுக்கு முன்னாடி இவங்க கூட்டிட்டு வருவாங்க. அம்மா தையல் ஃபேக்டரி, மக்ரிப் கழிச்சுத்தான் வருவாங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு அவளுக்கு முன்னால் குனிந்தார்.

"பாரு கண்ணு. அவ பேருக்கு நீ பதில் சொல்றது தப்பு. நீ நீதான், அவ அவதான். இனிமே சொல்லக் கூடாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். அவர் மேசைக்குத் திரும்பி வந்து, தான் போட்ட குறியை அடித்துவிட்டு வேறொரு குறி போட்டார்.

"போயிட்டவங்க சான்றிதழ் வாங்கிட்டுப் போவாங்க" என்றார், யாருக்கும் என்றில்லாமல். "இவ வாங்கல. அதனால இன்னிக்கு வரல, அவ்வளவுதான். வராத பொண்ணு வேற, போன பொண்ணு வேற. வராத பொண்ணு பேரை அடிக்க எனக்கு அதிகாரமில்ல."

"எதுவரைக்கும் உஸ்தாத்?" என்றார் உம்மு மாலிக்.

"இந்தப் பருவம் முடியற வரைக்கும். அப்புறம் அல்லாஹ் பார்த்துப்பான்." குடையை எடுத்தார். வாசலில் நின்று அரீனிடம் மட்டும் சொன்னார்: "அந்தப் பேரு இருக்கும். நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

மணியடித்தது. பிள்ளைகள் கூட்டிப்போக வந்த அண்ணன் தம்பிகளோடு கூட்டம் கூட்டமாகக் கீழ் வாசலில் இறங்கினார்கள். அரீன் வீடு மேலே. கூட வருகிறேன் என்றேன். "வேணாம் மிஸ். தினம் நான்தானே போறேன்" என்று பையை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். பயந்த பிள்ளைக்கு இருக்கும் கௌரவம் அது. அதைப் பறிக்க மனம் வரவில்லை.

என் பேருந்து கீழே வரும். நான் மேலே ஏறினேன்.

மழை விட்டிருந்தது. மேட்டுக்குப் போகும் படிக்கட்டுத் தெருவில் விளக்கில்லை. கல்லிலெல்லாம் தண்ணீர் மினுங்கியது. அவளுக்கு என் காலடி கேட்காத தூரத்தில் வந்தேன்; கேட்டுவிட்டது. நின்றாள். நான் மூடியிருந்த ஒரு கடையின் இரும்புக் கதவோடு ஒட்டி நின்றேன். அவள் திரும்பிப் பார்த்த இடத்தில் நான் இருந்தேன், ஆனால் அவள் கண்ணுக்கு அங்கே இருட்டுதான் இருந்திருக்கும். கூப்பிட்டால் என்ன என்று நினைத்தேன். கூப்பிட்டால் அவள் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். நாளைக்கும் என்னைப் பார்த்து வெட்கப்பட வேண்டியிருக்கும்.

அவள் ஓடவில்லை. காலியான வீட்டுக்குள் நுழையும்போது பிள்ளைகள் சொல்வதுபோல, இருட்டைப் பார்த்து, கொஞ்சம் நடுங்கினாலும் தெளிவாகச் சொன்னாள்: "அஸ்ஸலாமு அலைக்கும்."

பிறகு நடந்தாள். மேலே மூன்று நாய்கள் எழுந்து நின்றன. நான் ஒரு கல்லை எடுத்து அவள் தலைக்கு மேலே தொலைவில், குப்பைத் தொட்டியின் மேல் விழும்படி எறிந்தேன். நாய்கள் அந்தச் சத்தத்தைப் பார்த்துப் போயின. அவள் ஒரு குறுகிய சந்தில் திரும்பினாள். பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. எங்கேயோ பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

யார் சொன்ன ஸலாமானாலும் பதில் சொல்லும்வரை அது கேட்டவர் மேல் கடனாக நிற்கும். நான் சந்தின் முனையிலேயே நின்றேன், இரண்டாம் மாடி ஜன்னலில் விளக்கு எரியும்வரை. எரிந்தது. திரைக்குப் பின்னால் ஒரு சின்ன நிழல் கோட்டைக் கழற்றியது.

"வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றேன். எனக்கே கேட்காத குரல்தான். குளிரில் அது வெள்ளைப் புகையாக வாயிலிருந்து வந்து, அந்த ஜன்னல் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய்க் கலைந்தது.