ஹாலுக்கு வந்த கார் சீட்டு

அக்கா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்த டிரைவிங் டீச்சர், வாசலில் நின்ற தன் காரின் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே மூடினாள்.

“என்னங்க, கொஞ்சம் வெளிய வாங்க.”

குரலை வைத்தே கணவருக்குப் புரிந்துவிட்டது, விஷயம் சின்னது இல்லையென்று. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவள் ஊருக்குப் போன அன்றைக்குத் திரைச்சீலை மாட்ட ஒரு நீளக் கம்பி வாங்கியிருக்கிறார். அது காருக்குள் அடங்கவில்லை. முன் ஜன்னலை இறக்கி, நுனியை வெளியே நீட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். கம்பியை எடுத்தார், காரைப் பூட்டினார், ஜன்னலை மட்டும் மறந்துவிட்டார். அன்று சாயங்காலம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை.

“ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறீங்களே, ஒரு காருக்குக் கண்ணாடி ஏத்தத் தெரியலையா?”

“நாலு விரல் அளவுதான் தொறந்திருந்தது,” என்றார் அவர், அது தனக்குச் சாதகமான சாட்சி என்பதுபோல.

நாலு விரல் வழியாக நாலு குடம் தண்ணீர் போயிருந்தது. அதுவும் டிரைவர் சீட்டில் விழாமல், பக்கத்துச் சீட்டில், அவள் தினமும் ஆறு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் டீச்சர் சீட்டில். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. அழுத்தினால் விரல் நனைந்தது. நாத்தமோ, ஈரச் சாக்கில் நாய் படுத்து எழுந்து, அந்தச் சாக்கை யாரோ அலமாரியில் மடித்து வைத்த மாதிரி.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே,” என்றார் கணவர், மூக்கை உறிஞ்சிக் காட்டி.

“உங்களுக்கு எப்படித் தெரியும்? போன மாசம் பால் தீஞ்சப்பவே தெரியலை.”

அன்றைய முதல் வகுப்புக்கு வந்தவர் ஒரு பல் டாக்டர். உட்கார்ந்தார், பெல்ட்டைப் போட்டார், பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். “ஜலதோஷமா டாக்டர்?” என்று கேட்டாள். “இல்ல டீச்சர், பழக்கம்,” என்றார் அவர் நாகரிகமாக. ஆனால் வண்டி ஓட்டும்போது அவர் தலை கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் சாய்ந்து, முதல் திருப்பத்தில் பாதி முகம் வெளியே இருந்தது. அடுத்து வந்த பேங்க் அம்மாவுக்கு அவ்வளவு நாகரிகம் கிடையாது. “டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க, இதுக்குள்ள ஏதாவது செத்துக் கிடக்கா?” என்று கேட்டுவிட்டார்.

குற்றம் செய்தவரே பரிகாரத்தையும் ஏற்றுக்கொண்டார். கணவர் முதலில் எலுமிச்சை வாசனை ஸ்பிரே ஒன்று வாங்கி, பாதி டப்பாவைக் காலி செய்தார். நாய் அப்படியே இருந்தது. எலுமிச்சைத் தோப்பில் படுத்திருந்தது, அவ்வளவுதான். அடுத்து, காப்பித்தூள் வாடையை இழுக்கும் என்று யாரோ சொல்ல, ஒரு கிண்ணம் நிறையக் கொட்டி டீச்சரின் காலடியில் வைத்தார். புதிதாக ஓட்டப் பழகுபவர்களின் கார் அது என்பதை யோசிக்கவில்லை. சந்து முனையில் ஒரு சைக்கிளைப் பார்த்த பேங்க் அம்மா இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். கிண்ணம் குப்புறக் கவிழ்ந்தது. ஈரக் கார்ப்பெட்டில் காப்பித்தூள் அழகாக ஊறியது.

மறுநாள் காப்பிக்குப் பதில் சமையல் சோடா. “தரையில வெச்சாத்தானே கவிழும்?” என்று சொல்லி அவர் அதை டேஷ்போர்டு மேல், தட்டில் பரப்பி வைத்தார். அவள் பார்ப்பதற்குள் பல் டாக்டர் வண்டியைக் கிளப்பிவிட்டார். கிளட்சைச் சட்டென்று விட்டதில் கார் ஒரு குதி குதித்தது. இறங்கும்போது டீச்சரும் டாக்டரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “மேடம், அடுத்த வாரம் எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். வேற கார்ல பழகலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று தைத்தது. பத்து வருஷத்தில் பயத்தால் நின்றவர்கள் உண்டு, கல்யாணத்தால் நின்றவர்கள் உண்டு. நாத்தத்தால் யாரும் நின்றதில்லை. வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல், சீட்டுக்கு உறை தைக்கும் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “அம்மா, நீங்க மேல மேல பூசிக்கிட்டே இருக்கீங்க. தண்ணி கீழ இருக்கு. கார்ப்பெட்டுக்கு அடியில கட்டைவிரல் தடிமனுக்குப் பஞ்சு இருக்கும். அது காயாம வாடை போகாது. சீட்டைக் கழட்டி, கார்ப்பெட்டைத் தூக்குங்க. ஆனா முதல்ல பேட்டரி வயரைக் கழட்டுங்க. கழட்டிட்டு ஒரு கால் மணி நேரம் சும்மா இருங்க. அப்புறம்தான் சீட்டுக்கு அடியில இருக்கற ஏர்பேக் வயர்ல கை வைக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வேலையில் இறங்கினார்கள். சீட்டுக்கு நாலு போல்ட். மூன்று சமத்தாக வந்தது. நாலாவது போல்ட் கணவரின் விரல் தோலைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டுதான் வந்தது. கார்ப்பெட்டைத் தூக்கியதும் கீழிருந்த பஞ்சைப் பிழிந்தாள். பழுப்பாக, காப்பி வாசத்தோடு, அரை வாளித் தண்ணீர் வந்தது. முதல் முறையாகக் கணவரின் முகம் சுளித்தது.

“ஐயோ, என்ன நாத்தம்!”

“வந்துட்டீங்களா? வாங்க,” என்றாள் அவள்.

பஞ்சையும் கார்ப்பெட்டையும் மாடிக் கொடியில் விரித்தார்கள். காரின் தரையைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்தார்கள். மழை வந்தால் அவற்றைச் சட்டென்று எடுத்துவிடலாம், கனமான சீட்டை அப்படி வெயிலை நம்பி வெளியே விட முடியவில்லை. அதனால் அதையும் வினிகரால் துடைத்து ஹாலுக்குத் தூக்கி வந்து, இரண்டு மரக்கட்டை மேல் ஏற்றி, மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தார்கள். இரண்டு நாளில் சீட்டு காய்ந்தது. வாடை போயே போய்விட்டது. மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு அவள் சந்தோஷமாகச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது சீட்டில் மாமனார் இருந்தார்.

மாமனார் தபால் பிரிக்கும் இடத்தில் முப்பது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். கார் ஓட்டியதே இல்லை. வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் பத்து நிமிஷத்தில் நெளிவார், எழுந்து நடப்பார். இப்போது அவர் பக்கவாட்டு லீவரைக் கண்டுபிடித்திருந்தார். சீட்டைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவள் எழுப்பவில்லை. மறுநாள் எழுப்பினாள்.

“மாமா, சீட்டை மாட்டணும். நாளைக்கு டாக்டருக்கு வகுப்பு இருக்கு.”

“மாட்டிக்கோம்மா. யார் வேண்டாம்னா?” என்றார், அசையாமல்.

“நீங்க எழுந்தாத்தானே மாட்ட முடியும்?”

“இன்னும் காயலைன்னு நினைக்கறேன். அடியில ஈரம் தெரியுது.”

கணவர் உள்ளே வந்தார். “அப்பா, உங்களுக்கு இதே மாதிரி புதுசா ஒரு சாய்வு நாற்காலி வாங்கித் தரேன்.”

“நீ வாங்கித் தருவே. அது வீட்டுக்குள்ள நுழையாதுன்னு ஜன்னல் வழியா நீட்டுவே.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. சிரித்து முடித்ததும் கேட்டாள்: “முதுகு வலி ரொம்ப இருக்கா மாமா?”

“ராத்திரி படுத்தாலும் இருக்கும். உட்கார்ந்தாலும் இருக்கும். இதுல என்னமோ இல்லை,” என்றார், சீட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே. “சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவீங்க. அதான் சொல்லலை.”

“இழுத்துட்டுத்தான் போகப் போறேன். சனிக்கிழமை தயாரா இருங்க. ஆனா இப்ப எனக்குச் சீட்டு வேணும். ஒண்ணு செய்யலாம். மத்தியானம் ஒண்ணுலருந்து மூணரை வரை எனக்கு வகுப்பு இல்லை, கார் வாசல்ல சும்மாதான் நிக்கும். அதுல மூணு மணி வரை சீட்டு உங்களுது. நாலு கதவையும் தொறந்து வெச்சுக்கங்க. காத்து போகும். தூறல் போட்டா கண்ணாடியை ஏத்தி, கதவை மூடுங்க.”

“மூணரை வரை,” என்றார் மாமனார்.

“மூணேகால்.”

அவர் எழுந்தார்.

காய்ந்த பஞ்சும் கார்ப்பெட்டும், அவற்றின் மேல் சீட்டும் காருக்குத் திரும்பின. பல் டாக்டர் மாஸ்க் இல்லாமல் வந்து, கதவைத் திறந்து, எச்சரிக்கையாக ஒரு மூச்சு இழுத்து, அப்புறம் நெஞ்சு நிறைய இழுத்தார். டெஸ்டிலும் தேறினார். மாமனார் தினமும் மத்தியானம் தலையணையும் பேப்பருமாகக் கிளம்பி, நாலு கதவையும் விரியத் திறந்து வைத்துச் சாய்ந்துகொண்டார். இப்படிக் காற்று வாங்கிய கார் அந்தத் தெருவிலேயே வேறு இல்லை.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர், மூன்றரை மணி வகுப்பை இரண்டரை என்று நினைத்துக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டார். டீச்சர் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை கழுவிவிட்டு, சாவியோடு வெளியே வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

நாலு கதவும் திறந்தபடி நின்ற காரில், மாணவர் டிரைவர் சீட்டில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெல்ட் போட்டிருந்தார், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். நெற்றியெல்லாம் வேர்வை. பக்கத்தில் மாமனார் படுத்த நிலையிலேயே, கண்ணைத் திறக்காமல், “நல்லா போறே தம்பி. இதே மாதிரி நிதானமா போ,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.