ஏழாயிரத்து இருநூறு

டர்போ என்றால் கம்ப்யூட்டர் பிரியர்களின் அந்தப் போன் குழுவில் எல்லோருக்கும் தெரியும். பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸில் பாலிசி எழுதுகிறவர்தான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனில் குழுவைத் திறந்துவிட்டால் போதும், சிப் செய்கிற கம்பெனிக்காரனுக்கே பாடம் எடுப்பார். டர்போ என்கிற பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். அவரே வைத்துக்கொண்டதுதான்.

அவர் மனைவிக்கு வேண்டியது ஒழுங்காக ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். கட்டப்போகிற கட்டடம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தத்ரூபமாகப் படம் செய்து தருவது அவள் தொழில். பழைய முதலாளியிடம் வருஷக்கணக்கில் மாடாய் உழைத்து, வெறுத்துப்போய் வேலையை விட்டிருந்தாள். "வீட்ல உக்காந்து எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறன்னு பாக்கறேன்" என்று அந்த மனுஷன் வாய் நிறைய வாழ்த்தித்தான் அனுப்பினார். இப்போது அவளுக்கு முதல் சொந்த வேலை வந்திருந்தது. ஓட்டல் கட்டப்போகிற ஒருவர், அடுத்த மாசம் ஒரு திங்கட்கிழமை காலை பேங்க்காரர்கள் முன்னால் படங்களை வைக்க வேண்டும். நல்லபடியாக முடிந்தால் அவருடைய அடுத்த கட்டடங்களும் அவளுக்கே. சொதப்பினால் பழைய ஆபீஸ்தான் கதி.

அதற்காகப் பாகம் பாகமாக வாங்கிய புது டெஸ்க்டாப்பை டர்போதான் பூட்டினார். நன்றாகவே பூட்டினார், அதில் குறை சொல்லக்கூடாது. பூட்டிவிட்டுப் பேசாமல் எழுந்து போயிருக்கலாம். மனுஷனுக்குச் சும்மா இருக்கத்தான் தெரியாதே!

"மெமரி ஏழாயிரத்து இருநூறு வேகத்துல ஓடுது, பாத்தியா?" என்றார், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

"இந்த ப்ராசஸருக்கு மெமரி வேகம் அஞ்சாயிரத்து அறுநூறுன்னுதானே கம்பெனிக்காரன் போட்டிருக்கான்?" என்றாள் அவள். " வோல்ட்டு ஒண்ணு புள்ளி ஒண்ணு போதும்ங்கறான். நீங்க ஒண்ணரை கிட்ட ஏத்தி வெச்சிருக்கீங்களே?"

"அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்குப் போட்டது."

"மெமரிய மேய்க்கற பகுதி ப்ராசஸருக்குள்ளயே இருக்காம். வோல்ட்ட ஏத்தினா அதுவும் சேந்து வேகும். கேரன்டியும் போயிடும்னு எழுதியிருக்கான்."

"கேரன்டியாவது புடலங்காயாவது! அவன் சொன்னபடியே ஓட்டறதுக்கு நான் எதுக்கு?"

நல்ல கேள்விதான். அதற்கு அவள் மனசுக்குள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மறுநாளிலிருந்து கூத்து ஆரம்பித்தது. படம் பாதி வரும்போது திரை உறைந்துபோகும். இல்லாவிட்டால் தானாக அணைந்து தானாக எழுந்திருக்கும். டர்போவுக்குக் காரணம் சொல்லவா தெரியாது? அவளுடைய சாஃப்ட்வேர் மோசம் என்றார். பிளக் பாயிண்ட் லூஸ் என்றார். கடைசியில், அவள் மவுஸை ரொம்ப வேகமாக ஆட்டுகிறாள் என்றே சொல்லிவிட்டார்.

அவர் ஆபீஸ் போன ஒரு பகலில் அவளே, வேகமும் வோல்ட்டும் மாற்றுகிற பயாஸ் திரையைத் திறந்தாள். கம்பெனிக்காரன் சொன்ன வேகம், சொன்ன வோல்ட், இரண்டையும் போட்டுச் சேமித்தாள். மெமரியைச் சோதிக்கிற புரோகிராமை ஓடவிட்டுத் துணி துவைக்கப் போனாள். சாயங்காலம் வரை ஒரு பிழைகூட இல்லை.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் யார் காது கிழியக் கேட்டுக்கொண்டிருப்பது? அவரும் கண்டுபிடிக்கவில்லை. ஏழாயிரத்து இருநூறைப் படம் பிடித்துக் குழுவில் போட்டாயிற்று. அதற்கப்புறம் அந்த எண்ணை எதற்குப் பார்க்க வேண்டும்?

வேலை மளமளவென்று நகர்ந்தது. ஓட்டல்காரர் முதல் படத்தைப் பார்த்து அசந்துபோனார். டர்போவோ, "நம்ம செட்டிங் வாரக்கணக்கா அசையாம நிக்குது" என்று குழுவில் பீற்றிக்கொண்டார். எவனோ ஒரு புண்ணியவான், "அப்ப இன்னும் ஏத்தலாம் போலயே தலைவரே?" என்று கேட்டுத் தொலைத்தான்.

போதாதா? அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இப்போது ஓடுவது என்னவென்று பார்க்காமலே, தன் பெயரில் சேமித்து வைத்திருந்த பழைய செட்டிங்கை ஏற்றி, அதற்கும் மேலே வேகத்தையும் வோல்ட்டையும் கூட்டி வைத்தார். கூட்டியதைச் சொல்லவும் இல்லை. அவள் வந்து உட்கார்ந்து கடைசிப் படங்களையெல்லாம் செய்து சேமித்தாள், பென்டிரைவிலும் ஒரு நகல் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் திரை கறுத்தது. ஃபேன் மட்டும் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினாள். கடைக்காரப் பெண் வேறொரு ப்ராசஸரை மாட்டிப் பார்த்தாள், மதர்போர்டு எழுந்து செட்டிங்கைக் காட்டியது. பழையதை மாட்டினாள், மூச்சில்லை. "ப்ராசஸர் போயிடுச்சுக்கா. யாருக்கா இவ்ளோ வோல்ட் குடுத்தது?" பென்டிரைவில் இருந்த கடைசிப் படங்களும் திறக்கவில்லை. சேமிக்கும்போதே மெமரி கோளாறில் கெட்டுப்போயிருந்தன. ஓட்டல்காரருக்குப் போன் போட்டாள். அவர் கத்தவில்லை. "பேங்க்ல ரெண்டு நாள் தவணை கேட்டுட்டு, வேற எடத்துல பாத்துக்கறேம்மா" என்று வைத்துவிட்டார்.

வீட்டில் டர்போ தயாராகக் காத்திருந்தார். "பீஸே டிஃபெக்ட். என் செட்டிங்ல இத்தனை வாரம் ஓடலையா?"

"உங்க செட்டிங்ல அது ஒரு நாள்கூட உருப்படியா ஓடல. ஓடினது நான் போட்டதுல. அஞ்சாயிரத்து அறுநூறு, ஒண்ணு புள்ளி ஒண்ணு."

வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தாள், பைத்தியக்காரி. அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"அதானே பாத்தேன்! நீ கை வெச்சியா! சொல்லாம கொள்ளாம கை வெச்சா எப்படித் தாங்கும்?"

உடனே சோபாவில் சாய்ந்து குழுவுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார். அவளுடைய போன் அடித்தது. பழைய முதலாளி. ஓட்டல் வேலை அவரிடம் வந்திருக்கிறதாம், அது அவளுக்குத்தான் அத்துப்படியாம், விடிந்ததும் வந்துவிட வேண்டுமாம். "வரேன் சார்" என்றாள். வேறு என்ன சொல்ல?

அவள் புடவைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தபோது டர்போ போனை நீட்டினார். "எத்தனை பேரு எனக்காக வருத்தப்படறாங்க, பாரு."

"நாளைக்குச் சீக்கிரம் கெளம்பணும். டிபன் நீங்களே பாத்துக்கோங்க. ஆபீஸ் போறேன்."

"எந்த ஆபீஸ்?" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.