சின்ன அன்னத்துக்குச் சாட்சி

ஏப்ரல் வந்தால் எனக்கும் எதிர்க் கட்டடத்து இர்மெலிக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. வானத்தில் அன்னங்களை முதலில் கேட்டவள் மற்றவளைப் போனில் அழைக்க வேண்டும். பேசக்கூடாது. போனை மேலே தூக்கிப் பிடித்தால் போதும்.

உயரப் பறப்பது எந்த அன்னமென்று அலகின் நிறம் பார்த்துச் சொல்லவே முடியாது. வெயிலுக்கு எதிரே எல்லாம் கறுப்புதான், காதுதான் கதி. எக்காளம்போல் கூவினால் கூவும் அன்னம். அது எங்கள் தாம்பெரே ஊரில் காக்காய் மாதிரி எங்கும் உண்டு. குரலின்றிச் சிறகு மட்டும் விம்மினால் ஊமை அன்னம். நாய்க்குட்டிபோல் குரைத்தால் சின்ன அன்னம். அது கடலோரமாகவே போகிற ஜாதி, இந்தப் பக்கம் அத்தி பூத்தாற்போல்தான் வரும்.

போன வசந்தத்தில் மளிகைக்கடை வாசலில் பைகளோடு நின்றோம். தலைக்கு மேல் ஒரு கூட்டம் போனது. நான் வாயைத் திறக்கும் முன்பே இர்மெலி என் கையைப் பிடித்தாள்.

"சிர்க்கா, கேளுடி. குரைக்குது. சின்ன அன்னம்டி இது."

அவள் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். பறவை பார்ப்போர் சங்கத்தில் நீயே சொல்லு, உனக்குத்தான் வாய் உண்டு என்றாள். சொன்னேன். சங்கத்தார் கூடும் ஞாயிற்றுக்கிழமைக் காபியில், சங்கத்தையே கையில் வைத்திருக்கும் தாவெத்தி, அடுத்து பனிக்கரடி பறந்ததென்று சொல்வீர்களா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி கேட்டது செல்லாது, இன்னொரு காது வேண்டும் என்றார். நான் இர்மெலியைப் பார்த்தேன்.

அவள் ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குச் சரியா கேக்கல. இவ சொன்னா, நானும் தலையாட்டினேன்."

பறவை பார்க்கத் தீவுக்குப் போகும் தன் படகில் தாவெத்தி அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதன்பின் நான் எந்தப் பறவையின் பேரைச் சொன்னாலும் சங்கத்தில் யாராவது நாய்போல் குரைப்பார்கள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். கூட நின்று கேட்டவளே என்னைப் பொய்க்காரியாக்கினாள் என்பதுதான் ஆறவில்லை.

இந்த ஏப்ரலில் போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை, குரைப்புதான் கேட்டது. பால்கனிக்கு ஓடினேன். எங்கள் கூரைகளுக்கு மேலேயே வந்துகொண்டிருந்தன, குட்டைக் கழுத்தோடு. எதிரே இர்மெலி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பிறகு காதில் வைத்தாள்.

"கேட்டியாடி? நான் மட்டும் சொன்னா தாவெத்தி நம்பமாட்டாரு. நீயும் சொல்லுவியா?"

எனக்குச் சரியா கேக்கல என்பது நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பறவைகள் எனக்கு என்ன துரோகம் செய்தன?

"கேட்டுது. சின்ன அன்னந்தான். யாரு கேட்டாலும் சொல்லுவேன்."

"என் தங்கம்டி நீ."

"இனிமே எனக்குப் போன் பண்ணாத, இர்மெலி."

அவள் அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அன்னங்களைப் பார்த்தேன், ஏரிப் பக்கம் குரல் தேயும்வரை.