அடி மூடாத விளக்குப் பெட்டி

“அம்மா, இந்த லைட்டு சாமிக்கா, இல்ல இதுல பேரு எழுதியிருக்கே, அவருக்கா?”

யூகேஜி படிக்கையில் மகள் கலைமதி கோயிலில் கேட்டது. ட்யூப்லைட்டின் முக்கால்வாசியை உபயதாரர் பெயர் மறைத்திருந்தது. திலகவதி அன்று சிரித்துவிட்டாள். இந்த மாசியில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர்க் குன்றின் மேல் முருகன் கோயில். படியில் பூ விற்கும் பிரகதாம்பாள் தையில் இருட்டில் கால் தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் கமிட்டித் தலைவர் அழகுமலை படியோரம் பல்புகள் போட்டுக்கொடுத்தார். வெறும் பல்பு வெளிச்சத்தில் கண் கூசியது. அவற்றுக்கு மூடி செய்யும் வேலை திலகவதிக்கு வந்தது. அவளுக்குக் கிடைத்த முதல் வேலை.

புதுக்கோட்டையில் ஷர்லி நடத்தும் பட்டறைக்குச் சனிக்கிழமைதோறும் போய், கம்ப்யூட்டரில் வரைபடம் போடவும் லேசரில் பலகை வெட்டவும் கற்றிருந்தாள். அந்தச் சனிக்கிழமைகளில் கலைமதியைப் பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சோறூட்டிப் பார்த்துக்கொண்டவள் பிரகதாம்பாள். ஏதாவது கொடுக்கப்போனால், “பிள்ளையப் பாத்ததுக்குக் கூலியா? போ ஆத்தா அங்கிட்டு” என்று விரட்டிவிடுவாள்.

மூடியாகச் செய்த முதல் பெட்டி மூலைகள் பொருந்தாமல் ஆடியது. வெட்டும்போது லேசர் மயிரிழை அளவு மரத்தைத் தின்றுவிடும், அதை வரைபடத்திலேயே கூட்டிவைக்க வேண்டும் என்று ஷர்லி சொல்லித்தந்தாள். அடுத்த பெட்டி பசையே இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. நாலு பக்கமும் அடைப்பு, அடியில் திறப்பு. வெளிச்சம் நேராகப் படியில் விழும்.

அழகுமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு பக்கத்திலும் தன் பெயரை ஓட்டையாக வெட்டச் சொன்னார். அடியை மூடிவிடவும் சொன்னார். அப்போதுதான் பெயர் பளிச்சென்று தெரியுமாம்.

“அடிய மூடுனா படி தெரியாதுங்க. பூக்காரக்கா விழுந்ததுக்குத்தானே லைட்டே போட்டீங்க?”

“நாலு சனிக்கிழமை கம்ப்யூட்டரத் தட்டிட்டு எனக்கே பாடம் நடத்துறியாம்மா? செலவு பண்றவன் பேரு தெரிய வேணாமா?”

“வெளிச்சம் காலுக்குங்க, பேருக்கு இல்ல. அத நான் வெட்ட மாட்டேன்.”

பெட்டியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேலை கைவிட்டுப் போயிற்று. திருச்சியில் யாரோ அவர் கேட்டபடியே வெட்டிக்கொடுத்தார்கள்.

பங்குனி முதல் வெள்ளி. இருட்டியதும் பாறை முழுக்க அழகுமலை, அழகுமலை என்று வெளிச்சம் எழுதியது. படிகள் கறுத்துக் கிடந்தன. கும்பிட வந்தவர்கள் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஏறினார்கள். பிரகதாம்பாள் இன்னும் நேராகாத கையை நெஞ்சோடு அணைத்து, ஒவ்வொரு படியையும் காலால் துழாவி இறங்கினாள்.

திலகவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விழுந்தவளைச் சாக்கிட்டு விளக்குப் போட்டுவிட்டு, அந்த விளக்கையும் தன் பக்கமே திருப்பிக்கொள்வதா? இதை எந்தச் சாமி ஏற்கும்? இத்தனை பேர் பார்க்கிறார்களே, ஒருவராவது வாய் திறந்தார்களா? பொருமியபடியே படுத்தாள். ஆனால் பொருமலால் ஒரு படிகூட வெளிச்சமாகாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் உச்சிவேளை, நடை சாத்தியிருந்தது. குன்றில் ஈ காக்கை இல்லை. பிரகதாம்பாள் கடை போடும் இடத்துக்குக் கீழே, படி செங்குத்தாகத் திரும்பும் இடத்தில் நின்று, அங்கிருந்த விளக்கின் மூடியைத் திலகவதி கழற்றினாள். அவளுக்கு இருந்த கோபத்துக்கு அதை உடைத்திருக்கலாம். அதுவும் யாரோ உழைத்து வெட்டியதுதானே என்று நினைத்து, கம்பத்தடியில் பதமாகச் சாய்த்துவைத்தாள். பையிலிருந்து தன் பெட்டியை எடுத்து மாட்டி, திருகாணியை இறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

சாத்திய கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சுடும் படிகளில் வெறுங்காலோடு இறங்கினாள். மாட்டியது தானென்று காட்டிக்கொள்ள அன்று மாலை அந்தப் பக்கம் அவள் போகவே இல்லை.