மரியதாசனின் வெறுங்கால்

"கழட்டடி அந்தச் சப்பாத்தை!"

"கழட்ட மாட்டன், சித்தப்பா. வெறுங்காலோட அனுப்ப அப்பா என்ன அநாதையே?"

சூட்டும் டையுமாக, கையில் செபமாலையோடு மரியதாசன் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். அவருடைய காலுக்காகத் தம்பி அருமைராசாவும் மகள் ஜென்சியும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். பார்வைக்கு ஆட்கள் வரும் நேரம். சவச்சடங்கு நடத்தும் மலர்ச்சாலைக்காரர், பாவம், பிரெஞ்சில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: பெட்டியின் கீழ்ப்பாதி மூடித்தான் இருக்கும், கால் ஒருவருக்கும் தெரியாது. யார் கேட்டது? தெரியாத காலுக்குச் சண்டை பிடிக்காவிட்டால் அது என்ன செத்தவீடு!

சப்பாத்து, ஜென்சி புவாண்ட்-கிளேரில் பெரிய கடைக்குப் போய் வாங்கியது. இத்தாலித் தோல். வாங்கியது அப்பாவுக்காக என்று சொன்னாலும், கிறேஸ் மாமிக்காக என்பது எல்லோருக்கும் தெரியும். ஜென்சிக்குப் பேசி முடித்த நிஷானின் தாய் அவா. ஆட்களைக் காலிலிருந்து மேலே எடைபோடுகிற மனுசி. பெண் பார்க்க வந்த அன்று மரியதாசன் வெறுங்காலோடு பனிக்குள் பல்கனியில் நின்று சுருட்டுப் பிடித்ததை, அவர்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் முழுக்கச் சொல்லிச் சிரித்தவா. அது ஜென்சியின் காதுக்கும் வந்திருந்தது.

"கொப்பர், என்ரை அண்ணை, ஆரெண்டு தெரியுமே உனக்கு?"

"இலங்கைக்கு உதைபந்து விளையாடினவர். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

"என்னமாதிரி விளையாடினவர்? வெறுங்காலோட! கல்கத்தாவிலை சப்பாத்துக்காரங்கள் பின்னாலை ஓடி மூச்சு வாங்க, இவர் ரெண்டு கோல் அடிச்சவர். அடுத்த முறை சப்பாத்துப் போடாட்டி இடமில்லை எண்டிட்டாங்கள். அண்ணை போட்டுப் பார்த்தார். பந்து எங்கை நிக்குதெண்டே காலுக்குத் தெரியேல்லையாம். அதோட வீட்டை அனுப்பிவிட்டாங்கள்." அருமைராசாவின் குரல் இறங்கியது. "நீயும் அதைத்தான் மாட்டி விடுறாய்."

"அப்பா இதை ஒருநாளும் சொல்லேல்லையே."

"எப்பிடிச் சொல்லுவார்?" என்றா தாய் றெஜினா, செபமாலை உருட்டுவதை நிறுத்தாமலே. "வெண்ட கதை மட்டும் சொல்லுற மனுசன்."

ஜென்சி குனிந்து நாடாவை அவிழ்த்தாள். இரண்டு சப்பாத்தையும் கழற்றினாள், காலுறையையும் உருவினாள். பிறகு நிமிர்ந்து, கீழ்ப்பாதியையும் திறந்தே வைக்கும்படி மலர்ச்சாலைக்காரரிடம் சொன்னாள். அப்படி வழக்கமில்லை என்றார் அவர். இன்றைக்கு வழக்கம் என்றாள் இவள்.

அகன்ற பாதங்கள். ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டதுபோல விலகி நிற்கும் விரல்கள். வலது பெருவிரலில் நகமே இல்லை.

கிறேஸ் மாமி வந்தா, கண்டா, கைலேஞ்சியை மூக்கில் வைத்தா.

"என்ன பிள்ளை, சப்பாத்துக்கு வசதியில்லாட்டி எங்களிட்டைச் சொல்லியிருக்கலாமே?"

மண்டபமே காதைத் தீட்டிக்கொண்டது. நிஷான் தரைக்கம்பளத்தில் எதையோ தேடத் தொடங்கினான்.

"சப்பாத்துப் போட்டா அப்பாவுக்கு ஆட வராது, மாமி," என்றாள் ஜென்சி. "நீங்கள் கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ, ஆக்கள் வருகினம்."

உண்மையாகவே வந்தார்கள். ஊரில் மதிலேறி அவர் ஆட்டம் பார்த்த கிழவர்கள். முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நேரே காலடிக்குப் போய், கோயிலில் புனிதர் சொரூபத்தைத் தொடுவதுபோல அந்த நகமில்லாத விரலைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். கிறேஸ் மாமி சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டா.

கல்யாணம் தள்ளிப்போகிறது என்றுதான் முதலில் கதை வந்தது. தள்ளித் தள்ளி அது ஒட்டாவா வரை போய், நிஷான் அங்கே ஒரு பல்வைத்தியரைக் கட்டிக்கொண்டான். ஜென்சி, துறைமுகத்தில் லொறி ஓட்டும் றெக்ஸைக் கட்டிக் கிழக்குப் பக்கம் குடிபோனாள். அருமைராசா ரொறன்ரோவில் மகனோடு.

றெஜினாதான் மரியதாசன் சுருட்டுப் பிடித்த அந்த மூன்றாம் மாடி வீட்டை விட்டு அசையவில்லை. சனிக்கிழமைகளில் கீழ்வீடுவரை கேட்கிறமாதிரி டிவியில் பந்தாட்டம் போகும். எட்டிப் பார்த்தால், அவா திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருப்பா. கோல் விழுந்து சனம் கத்தும்போது மட்டும் கத்தி கொஞ்சம் நிற்கும்.