கூறைப்பட்டில் ஒரு கால்சட்டை

கொழும்பில் ஒரு ஸ்கேட்டிங் கொட்டகையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று தென்காசியில் யாரும் துருவிக் கேட்கவில்லை, நானும் உள்ளதைச் சொல்லவில்லை. வருகிறவர்களின் காலில் சக்கர ஜோட்டை மாட்டி வார் கட்டிவிடும் வேலை. ஊர் திரும்பியதும் என் வாயில் அது 'வாத்தியார் வேலை' ஆகிவிட்டது.

1937 சீசனில், குற்றாலத்தில் சங்கரபாண்டி முதலாளி தகரக் கொட்டகை போட்டு, பலகைத் தளம் அடித்து, பத்து நாளில் ஸ்கேட்டிங் போட்டி என்று அறிவித்தார். ஆட்டத்துக்குப் பத்து மார்க், உடுப்புக்குப் பத்து மார்க். ஜெயிக்கிறவருக்கு அங்கேயே வாத்தியார் வேலை. மாமனார் வீட்டுச் சோற்றில் உட்கார்ந்திருந்த எனக்கு, அது கிடைத்தால்தான் தலை நிமிர முடியும். பத்து நாளில் கால் தேறாது, உடுப்பு தேறும் என்று முடிவு கட்டினேன். பெரிய அறிவாளி அல்லவா!

என் மனைவி இராமலட்சுமியிடம் அவளுடைய கல்யாணக் கூறைப்பட்டைக் கேட்டேன். அன்று பெட்டியை இரண்டு தடவை திறந்து மூடினாள். மறுநாள் அவளே எடுத்து வந்து கத்தரியை வைத்தாள். அவளுடைய கைமிஷினில் அரக்குப் பட்டுக் கால்சட்டையும், சரிகைக் கரை போட்ட மேல்சட்டையும் உருவாயின.

"இவ்வளவு இறுக்கினா முழங்காலு மடங்காது. கொஞ்சம் தாராளமா விடுதேன்" என்றாள்.

"ஏட்டி, கொழும்புல தொரமாரு இப்படித்தான் போடுதாங்க. உனக்கு என்ன தெரியும்?"

என் காலை ஒருமுறை பார்த்துவிட்டு, சொன்னபடியே இறுக்கித் தைத்தாள்.

போட்டியன்று நான் தளத்தில் ஏறியதும் கூட்டம் கைதட்டியது. நாடக ராஜாபார்ட் என்று நினைத்து, "ஏலே, ராஜா வாராரு! பாட்டு எப்போ?" என்று ஒருவன் கத்தினான். மார்க் போடுகிறவர்கள் பட்டைத் தொட்டுப் பார்த்து, அங்கேயே பத்துக்குப் பத்து போட்டார்கள். பாதி ஜெயித்தாயிற்று என்று பூரித்துப்போனேன்.

பிறகு ஆட வேண்டியிருந்தது.

நேராக நன்றாகவே போனேன். திரும்புவதற்கு முழங்காலை மடக்க வேண்டும். மடக்கப் பார்த்தேன், பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். பிடித்து நிற்கக் கையில்லை, நிறுத்தக் காலில்லை. மார்க் போடுகிறவர்களின் மேஜையையும் சாய்த்துக்கொண்டு விழுந்தேன்.

ஆட்டத்துக்கு ஒரு மார்க் கிடைத்தது. எதற்கென்று கேட்கத் துணிச்சல் இல்லை. காக்கி அரைக்கால் சட்டையில் ஆடிய பஸ் கிளீனர் சொரிமுத்து, ஆட்டத்துக்குப் பத்தும் உடுப்புக்கு இரண்டும் வாங்கி ஜெயித்தான்.

யாரோ தந்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, போட்டி பார்க்க வந்திருந்த இராமலட்சுமி பக்கத்தில் போய் நின்றேன். முதலாளி வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, என் மேல்சட்டையின் தையலைத்தான் பார்த்தார்.

"இதைத் தச்சது யாரு தாயி?"

"நான்தான் அண்ணாச்சி."

"வாத்தியாருக்கும் மத்த ஆட்டக்காரங்க ஆறு பேருக்கும் தச்சுத் தாரியா? சீசன் பூரா வேலை இருக்கு."

"தாரேன். ஆனா ஆடுதவங்க சொல்லுத அளவுல தைக்க மாட்டேன். நானே அளவெடுப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் என்று சொல்ல ஆசைதான், வெட்கத்தில்.

அவள் தயவில் எனக்கும் அங்கே வேலை கிடைத்தது. அவள் தைத்த உடுப்பில் சொரிமுத்து வாத்தியார் வந்து காலை நீட்டுவான். நான் குனிந்து வார் கட்டுவேன். இந்தத் தடவை என்ன வேலை என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தென்காசியே வந்து பார்த்தது.

சீசன் முடிந்ததும் இராமலட்சுமி தன் கூலியில் ஓர் அரக்குப் பட்டுச்சேலை வாங்கினாள். என் கண்முன்னேயே அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.